விரல் தொட்டால் திறக்கும் மெனு: மலையூர்த் தங்குமிடத் தளத்துக்கு டிராப்டவுன் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

டிராப்டவுன் மெனு, அதாவது ஒரு தலைப்பைத் தொட்டால் அதன் கீழே பட்டியலாக விரியும் மெனு, பக்கங்களை ஒளித்துவைக்கும் கருவி. தளத்தை அழகாகக் காட்டுகிறது என்று நினைத்துத்தான் பலரும் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அது செய்யும் முதல் வேலை, பார்வையாளர் கண்ணிலிருந்து சிலவற்றை மறைப்பது. எனவே எதை மறைக்கலாம், எதை மறைக்கவே கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மறைத்ததை எல்லோராலும் திறக்க முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. நிறம், நிழல், அசைவு எல்லாம் அதற்குப் பிறகு.

எடுத்துக்காட்டுக்குப் பூம்பாறையில் ஒரு சிறிய தங்குமிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கைந்து அறைகள்; மலைப்பூண்டும் காபித்தூளும் தேனும் விற்கும் ஒரு சிறு கடை; சுற்றுப்புற இடங்களைப் பற்றிய பக்கங்கள். கொடைக்கானல் வட்டாரத்தில் இப்படித் தளம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அந்தத் தளத்தைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். அதுவும் மலைப்பாதையில், சிக்னல் வந்து வந்து போகும் வளைவுகளில். கீழே சொல்லியிருக்கும் முடிவுகள் பலவற்றுக்கும் அதுவே காரணம்.

1. கணினியைத் தொடுவதற்கு முன்

தளத்தில் வரப்போகும் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். பிறகு விருந்தினர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளைத் தங்குமிடக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “இ-பாஸ் எடுக்க வேண்டுமா?”, “வத்தலக்குண்டு வழி நல்லதா, பழனி வழி நல்லதா?”, “கார் நிறுத்த இடம் இருக்கிறதா?”, “வெந்நீர் வருமா?”, “பேரிஜம் போக அனுமதி எங்கே வாங்குவது?”

இந்தக் கேள்விகளில் சில, வண்டி கிளம்பிய பிறகு கேட்கப்படுபவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிய பக்கத்தை ‘தகவல்கள்’ என்ற மெனுவுக்குள், நான்காவது வரியில் வைத்தால், சோதனைச்சாவடியில் நிற்பவர் அதைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. வரும் வழி, இ-பாஸ், தொலைபேசி எண் ஆகிய மூன்றும் டிராப்டவுனுக்குள் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மற்ற சீட்டுகளை, தளத்தைப் பற்றி எதுவும் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, அவர்களுக்குத் தோன்றியபடி பிரிக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பிரிப்பதற்கும் விருந்தினர் பிரிப்பதற்கும் வேறுபாடு கட்டாயம் வரும். உரிமையாளருக்கு மேல்மலை, கீழ்மலை என்ற பிரிவு பிறந்ததிலிருந்து தெரியும். மதுரையிலிருந்து முதல்முறை வருபவருக்கு மன்னவனூர் மேல்மலையில் இருக்கிறது, தாண்டிக்குடி கீழ்மலையில் இருக்கிறது என்று தெரியாது. அதற்காக அந்தச் சொற்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. மேல்மலை என்ற தலைப்பின் கீழ் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று ஊர்ப்பெயர்கள் தெரிந்தாலே அவர் புரிந்துகொள்வார்.

இவ்வளவும் முடிந்தபின் மேல்வரிசை ஏறக்குறைய இப்படி அமையும்:

அறைகள்
சுற்றிப் பார்க்க (திறக்கும்: கொடைக்கானல் நகரம், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பேரிஜம் ஏரி, தாண்டிக்குடி)
மலைப் பொருள்கள் (திறக்கும்: மலைப்பூண்டு, காபித்தூள், தேன்)
வரும் வழி, இ-பாஸ்
அழைக்க

அறைகளுக்கு டிராப்டவுன் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லா அறைகளையும் படத்தோடும் வாடகையோடும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பார்க்கத்தான் யாரும் விரும்புவார்கள். அறையின் பெயரை மட்டும் மெனுவில் படித்து எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு தலைப்பின் கீழ் இரண்டே பக்கங்கள் இருந்தாலும் டிராப்டவுன் வேண்டாம். பத்துக்கு மேல் போனால் அதற்குத் தனிப்பக்கம் போட்டு, மெனுவில் ஒரே இணைப்பு கொடுங்கள். மெனுவுக்குள் இன்னொரு மெனு பக்கவாட்டில் விரியும் அமைப்பை எந்தத் தளத்துக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. மவுஸ் பிடித்துப் பழகியவர்களே அதில் தடுமாறுகிறார்கள்; கைப்பேசித் திரையில் அதற்கு இடமே இல்லை.

தலைப்புச் சொற்களில் ‘சேவைகள்’, ‘மேலும்’, ‘பிற’ ஆகிய மூன்றையும் தவிருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவை எதையும் சொல்வதில்லை. ‘மலைப் பொருள்கள்’ சொல்கிறது. ‘கடை’ என்றாலும் போதும்.

2. எச்டிஎம்எல் எலும்புக்கூடு

பக்கத்தின் அமைப்பை எழுதும் குறிமொழி எச்டிஎம்எல்; அதன் ஒவ்வொரு குறியும் ஒரு டேக். நிரலின் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்கு உரிய ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும்.

பக்கம் முழுவதையும் சூழும் எச்டிஎம்எல் டேகிலேயே மொழி தமிழ் என்று குறித்துவிடுங்கள். லாங் என்ற பண்புக்கு ‘டிஏ’ என்ற இரண்டெழுத்துக் குறி. இதை விட்டுவிட்டால், திரைவாசிப்பு மென்பொருள் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்வது) தமிழ் வரிகளுக்குச் சரியான குரலைத் தேர்ந்தெடுக்காமல் போகலாம்.

மெனு முழுவதும் ஒரு நாவ் டேகுக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஏரியா-லேபிள் பண்பில் (ஏரியா என்பது ஏஆர்ஐஏ, திரைவாசிப்பு மென்பொருளுக்கு விவரம் சொல்லும் பண்புகள்) ‘முதன்மை மெனு’ என்று பெயர் கொடுங்கள். அடிப்பகுதியில் இன்னொரு மெனு இருந்தால் இரண்டையும் பிரித்தறிய இது உதவும். உள்ளே ஒரு யூஎல், அதில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு எல்ஐ. ‘அறைகள்’ போன்ற நேரடி உருப்படியில் ஏ டேக், வேறொன்றும் வேண்டாம்.

‘சுற்றிப் பார்க்க’ போன்ற திறக்கும் உருப்படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதை ஏ டேகாக எழுதி, போகுமிடமாக வெறும் ஹாஷ் குறியைப் போட்டுவிடுகிறார்கள். இணைப்பு என்றால் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கும் கொண்டுபோகாமல் எதையோ திறந்து மூடுவது பட்டன். பட்டன் டேகைப் பயன்படுத்தினால் டேப் விசையில் அது தானாகவே அகப்படும், என்டர் விசையிலும் ஸ்பேஸ் விசையிலும் தானாகவே இயங்கும். டிவ் டேகையோ ஸ்பான் டேகையோ பட்டன் போல அலங்கரித்தால் இவை அனைத்தையும் நீங்களே எழுதியாக வேண்டும். அதில் ஒன்றாவது விட்டுப்போகும்.

பட்டனின் வகையை டைப் பண்பில் பட்டன் என்றே குறியுங்கள். இரண்டு ஏரியா பண்புகள் சேர வேண்டும். ஏரியா-எக்ஸ்பேண்டட், தொடக்கத்தில் ஃபால்ஸ். ஏரியா-கன்ட்ரோல்ஸ், அதன் மதிப்பாகத் துணைமெனுவின் ஐடி. பட்டன் டேக் மூடிய உடனே, அதே எல்ஐக்குள், துணைமெனுவின் யூஎல் வர வேண்டும். இந்த அடுத்தடுத்த அமைப்பை, தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் பயன்படுத்தப்போகிறோம்.

ரோல் பண்பில் மெனு, மெனுபார் என்று போடச் சொல்லும் பழைய பாடங்கள் நிறைய உலவுகின்றன. தளத்தின் இணைப்புப் பட்டியலுக்கு அது பொருந்தாது. அந்த ரோல், கணினிச் செயலிகளில் வரும் கோப்பு, திருத்து போன்ற கட்டளை மெனுக்களுக்கானது. அதைப் போட்டால் அம்புக்குறி விசைகளால் நகரலாம் என்று திரைவாசிப்பவர் எதிர்பார்ப்பார். அந்த ஏற்பாட்டை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அவர் சிக்கிக்கொள்வார். சாதாரணப் பட்டியலும் பட்டனுமே போதும்.

‘சுற்றிப் பார்க்க’ என்ற பெயரில் தனிப்பக்கமும் இருக்கிறது, அதற்கும் போக வேண்டும் என்றால்? துணைமெனுவின் முதல் வரியில் ‘எல்லா இடங்களும்’ என்று வைத்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். ஒரே சொல்லைத் தொட்டால் பக்கமும் திறக்கும், மெனுவும் திறக்கும் என்று வைப்பது, கைப்பேசியில் துணைமெனுவை யாருமே பார்க்க முடியாதபடி செய்துவிடும்.

பார்வையாளர் இப்போது இருக்கும் பக்கத்தின் இணைப்பில் ஏரியா-கரன்ட் பண்புக்கு ‘பேஜ்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். அதே பண்பைப் பிடித்து சிஎஸ்எஸ்ஸில் அடிக்கோடும் போட்டுக்கொள்ளலாம்.

3. சிஎஸ்எஸ்: திறப்பதும் மறைப்பதும்

எல்ஐக்கு பொசிஷன் ரிலேட்டிவ். துணைமெனுவின் யூஎல்லுக்கு பொசிஷன் ஆப்சல்யூட், டாப் 100%, லெஃப்ட் 0. வரிசையின் வலது ஓரத்தில் இருக்கும் மெனு திரைக்கு வெளியே பிதுங்கும். அதற்கு மட்டும் ரைட் 0 கொடுத்து லெஃப்ட்டை ஆட்டோ ஆக்குங்கள். பக்கத்தின் தலைப்பகுதிக்கு ஓவர்ஃபுளோ ஹிடன் என்று எங்காவது இருந்தால் துணைமெனு பாதியில் வெட்டுப்படும். “மெனு திறக்கவே இல்லை” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அடுத்து பார்க்க வேண்டியது, எது எதற்கு மேல் தெரியும் என்பதை எண்ணால் குறிக்கும் இசட்-இன்டெக்ஸ்: முகப்பில் ஓடும் படக்காட்சி மெனுவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எண்ணை 9999 என்று ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. தலைப்பகுதியே படக்காட்சிக்குக் கீழான அடுக்கில் இருந்தால் அதற்குள் இருக்கும் மெனுவுக்கு எந்த எண் கொடுத்தாலும் மேலே வராது. தலைப்பகுதியின் எண்ணைத்தான் உயர்த்த வேண்டும்.

மறைக்க டிஸ்ப்ளே நன் பயன்படுத்துங்கள். ஒப்பாசிட்டியைப் பூஜ்யமாக்கி மட்டும் மறைத்தால், கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளுக்குள் டேப் விசை நுழைந்துவிடும். விசைப்பலகையால் நகர்பவர் ஏழெட்டு முறை டேப் தட்டியும் திரையில் எதுவும் அசையாததைக் கண்டு தளம் உறைந்துவிட்டது என்று நினைப்பார். மெல்ல மலரும் அசைவு வேண்டுமானால் ஒப்பாசிட்டியோடு விசிபிலிட்டி ஹிடனையும் சேருங்கள். அது டேப் விசையையும் தடுக்கும்.

திறப்பதற்குத் தனியாக ஒரு கிளாஸ் வேண்டியதில்லை. ‘ஏரியா-எக்ஸ்பேண்டட் ட்ரூவாக உள்ள பட்டனுக்கு அடுத்து வரும் யூஎல்’ என்று கூட்டல் குறியால் தேர்ந்தெடுத்து, அதற்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள். திரையில் தெரிவதும் திரைவாசிப்பு மென்பொருள் சொல்வதும் ஒரே பண்பிலிருந்து வருவதால் இரண்டும் முரண்பட வழியே இல்லை. கிளாஸைத் தனியாகவும் ஏரியாவைத் தனியாகவும் மாற்றும் நிரல்களில், மெனு மூடியிருக்கும்போது ‘விரிந்திருக்கிறது’ என்று குரல் சொல்லும் கோளாறு அடிக்கடி வரும்.

தமிழ் எழுத்துக்கென்று சில கவனங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்ப்ளேட்டை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கி’, ‘கீ’ என்பவற்றின் விலங்கு மேலே எழும். ‘கூ’, ‘மு’ போன்றவை கீழே இறங்கும். வரி உயரம் 1.2 என்று இறுக்கி, பட்டனுக்கு நிலையான உயரமும் கொடுத்தால், ‘கூக்கால்’ என்ற ஊரின் அடிப்பகுதி வெட்டுப்படும். வரி உயரம் 1.6 வையுங்கள், உயரத்தை எண்ணில் குறிக்காமல் பேடிங்கால் உருவாக்குங்கள். அகலத்தையும் பிக்சலில் நிலைநிறுத்த வேண்டாம். குறைந்தபட்ச அகலத்தை 12 ரெம் என்று வைத்து, மேலே வளர விடுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் லெட்டர்-ஸ்பேசிங் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காகப் போடப்பட்டிருக்கும். தமிழில் சொல் சிதறிக் காட்டும், நீக்கிவிடுங்கள்.

எழுத்துருவுக்கு ஒரு யோசனை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. மெனுவுக்காக இன்னொன்றை இணையத்திலிருந்து இறக்கச் சொன்னால், பெருமாள்மலை ஏற்றத்தில் இருப்பவருக்கு எழுத்து வரும்வரை வெற்றுப்பட்டை தெரியலாம். கட்டாயம் வேண்டுமானால் ஃபான்ட்-டிஸ்ப்ளே பண்புக்கு ஸ்வாப் கொடுங்கள்; கைப்பேசியில் உள்ள எழுத்து முதலில் தெரியும், இறங்கியபின் மாறும்.

மலைத் தளங்களுக்கே உரிய இன்னொரு தொல்லை மூடுபனிப் படம். முகப்பு முழுவதும் வெண்பனி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒளி ஊடுருவும் மெனு! படம் எடுத்தவருக்கு மகிழ்ச்சி. படிக்க வேண்டியவருக்குத் தண்டனை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய அணுகல் வழிகாட்டு விதி. துணைமெனுவின் பின்னணி முழு நிறமாக, எதுவும் ஊடுருவாததாக இருக்கட்டும்.

4. ஜாவாஸ்கிரிப்ட்: ஐந்து வேலைகள்

நிரல் சிறியதுதான். பட்டனைத் தொட்டால் ஏரியா-எக்ஸ்பேண்டட் மதிப்பைப் படித்து, ட்ரூ என்றால் ஃபால்ஸாகவும் ஃபால்ஸ் என்றால் ட்ரூவாகவும் மாற்ற வேண்டும். ஒன்றைத் திறக்கும்போது திறந்திருக்கும் மற்றதை மூட வேண்டும். எஸ்கேப் விசையைத் தட்டினால் மூடிவிட்டு, ஃபோகஸை (விசைப்பலகை இப்போது நிற்கும் இடத்தை) அந்தப் பட்டனுக்கே திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் விசைப்பலகைக்காரர் பக்கத்தின் தொடக்கத்தில் கொண்டுபோய் விடப்படலாம். மெனுவுக்கு வெளியே தொட்டால் மூட வேண்டும். டேப் விசையால் கடைசி இணைப்பைத் தாண்டிப் போனாலும் மூட வேண்டும்.

கடைசி வேலைக்கு ஃபோகஸ்-அவுட் நிகழ்வைப் பிடித்து, ஃபோகஸ் அடுத்து எங்கே போகிறது என்பதை ரிலேட்டட்-டார்கெட்டில் பார்க்க வேண்டும். அது அந்த எல்ஐக்கு வெளியே இருந்தால் மூடுங்கள். மதிப்பே இல்லாமல் வெறுமையாக இருந்தால் மூடாதீர்கள். ஆப்பிள் கணினியின் சஃபாரியில் பட்டனை மவுஸால் தொட்டால் அதற்கு ஃபோகஸ் போவதில்லை. அந்த வெறுமையைப் பார்த்து மூடினால் மெனு எதிர்பாராமல் மூடிக்கொள்ளலாம். காரணம் தெரியாமல் இதில் அரை நாளைத் தொலைக்க வேண்டாம்.

நிரல் வந்து சேராமலே போனால்? மலைப்பாதையில் அது அன்றாடம் நடக்கக்கூடியது. அதற்கு வழி, முன்பு சொன்ன பட்டனை எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிடாமல் வெறும் சொல்லாகவே ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதி, கீழே துணைப் பட்டியலைத் திறந்தபடியே விடுவது. நிரல் ஓடிய பிறகு அதுவே அந்தச் சொல்லைப் பட்டனாக மாற்றி, பட்டியலை மூடட்டும். நிரல் வராவிட்டால் தளம் அழகற்றதாக இருக்கும். ஆனால் எல்லா இணைப்புகளும் கண்முன் இருக்கும்.

மவுஸை மேலே கொண்டுபோனாலே திறக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்பார். எனக்கு அதில் விருப்பமில்லை. தொடுதிரையில் அப்படி ஒரு நிகழ்வே கிடையாது. மேசைக் கணினியிலும், கீழே வலப்பக்கம் இருக்கும் உருப்படியை நோக்கிக் குறுக்காகப் போகும் மவுஸ் பக்கத்து உருப்படியின் மேல் ஒரு கணம் பட்டால், அதன் மெனு திறந்து இது மூடிவிடும். மேலும், மவுஸ் வந்ததும் திறந்து, அடுத்த நொடி பழக்கத்தில் கிளிக் செய்ததும் மூடிக்கொள்ளும். செய்தே ஆக வேண்டுமானால், உண்மையான மவுஸ் உள்ள கருவிகளுக்கு மட்டும் மீடியா குவெரியில் ஹோவர், பாயின்டர் ஃபைன் என்ற இரண்டு நிபந்தனைகளோடு எழுதுங்கள். மூடுவதற்கு ஏறக்குறைய 0.3 நொடி தாமதம் கொடுங்கள். பட்டனுக்கும் பட்டியலுக்கும் நடுவில் மார்ஜினால் இடைவெளி விடாதீர்கள். மவுஸ் அந்தச் சந்தில் விழுந்து மெனு மறையும். மேலே சொன்ன உலகளாவிய அணுகல் வழிகாட்டு விதிகளின் பெயர் டபிள்யூசிஏஜி; 2018-இல் வெளியான அதன் 2.1 பதிப்பு இதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறது: மவுஸை நகர்த்தாமலே மூட வழி இருக்க வேண்டும், விரிந்த பகுதியின் மேல் மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், பார்ப்பவர் விலகும்வரை அது தானாக மறையக் கூடாது.

நிரலே எழுதாமல் டீட்டெயில்ஸ், சம்மரி டேகுகளால் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும், திறக்கும், மூடும். எஸ்கேப் விசையும் வெளியே தொட்டு மூடுவதும் மட்டும் தானாக வராது. பாப்ஓவர் பண்பு அந்த இரண்டையும் இலவசமாகத் தருகிறது. ஆனால் பட்டியலைப் பட்டனுக்குக் கீழே சரியாக நிறுத்துவதற்கு மேலும் சிஎஸ்எஸ் வேலை இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் தளம் அமைப்பவர்கள் நேவிகேஷன் பிளாக்கின் துணைமெனு அமைப்புகளில் கிளிக்கில் திறக்கும் தேர்வை இயக்கிவிட்டால், இந்தப் பகுதியின் பெரும்பங்கு முடிந்தது.

5. கைப்பேசித் திரை

கைப்பேசியில் மெனுவைத் திறக்கும் மூன்று கோட்டுக் குறிக்குப் பக்கத்தில் ‘மெனு’ என்ற சொல்லையும் எழுதுங்கள். இரண்டெழுத்துக்கு இடமில்லாத திரை எதுவும் இல்லை. அதுவும் பட்டன்தான், அதற்கும் ஏரியா-எக்ஸ்பேண்டட் உண்டு. மெனுவுக்கு வெளியே, எப்போதும் தெரியும்படி, ‘அழைக்க’ என்ற இணைப்பும் ‘வரும் வழி’யும் நிற்க வேண்டும்.

துணைமெனு பக்கவாட்டில் பறந்து வராமல், தலைப்புக்குக் கீழேயே விரிந்து மற்றவற்றைத் தள்ளட்டும். அதற்கு பொசிஷனை ஸ்டாட்டிக் ஆக்கினால் போதும். திரை உயரத்தை 100விஎச் என்று கொடுத்தால் உலாவியின் முகவரிப்பட்டை கடைசி உருப்படியை மறைக்கும். டிவிஎச் அலகைப் பயன்படுத்தி, உள்ளே உருட்ட வழிவிடுங்கள்.

எந்த அகலத்தில் கைப்பேசி அமைப்புக்கு மாறுவது? கருவிகளின் அளவுப் பட்டியலைத் தேட வேண்டாம். உலாவியின் அகலத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மேல்வரிசைச் சொற்கள் இரண்டாம் வரிக்கு மடியும் புள்ளியே மாற வேண்டிய புள்ளி. தமிழில் அது ஆங்கிலத்தைவிட முன்னதாகவே வரும். அந்த அகலத்தை பிக்சலுக்குப் பதில் ஈஎம் அலகில் எழுதினால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் பொருந்தும்.

தொடும் இடத்தின் அளவைப் பற்றி, 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் என்கிறது. நான் 44 வைக்கச் சொல்வேன். மார்கழியில் கொடைக்கானலின் காலைக் குளிரில் விறைத்த விரலால் யாராவது ‘மன்னவனூர்’ என்பதைத் தொட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

6. சோதனை

மவுஸைக் கழற்றிவிட்டு டேப், என்டர், எஸ்கேப் விசைகளால் மட்டும் எல்லாப் பக்கங்களுக்கும் போய்ப் பாருங்கள். ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தட்டலிலும் தெரிய வேண்டும். ஃபோகஸ் வளையத்தை அழகுக்காக நீக்கியிருந்தால் மீட்டுவையுங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பு மென்பொருளை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ‘பேரிஜம் ஏரி’யைத் திறக்க முயலுங்கள். உலாவியைப் பெரிதாக்கி 400% வரை கொண்டுபோங்கள். கைப்பேசி மெனு தானாக வர வேண்டும். டெவலப்பர் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்தும், ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்தும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு, தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, “பேரிஜம் போக வனத்துறை அனுமதி எப்படி வாங்குவது என்று இதில் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். உதவாதீர்கள். முதலில் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். ‘வரும் வழி’யைத் தொட்டுத் திரும்பினால் தவறு அவருடையதல்ல, அந்தப் பக்கத்திலும் ஒரு இணைப்பு வைக்க வேண்டும் என்று பொருள். இப்படி மூன்று நான்கு பேர் பார்த்தாலே பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டுவிடும்.

தளம் வெளியான பிறகு மெனு அப்படியே நிற்காது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைத் தேடி வருபவர்கள் உண்டு, ஆனால் கையிருப்பு ஆண்டு முழுவதும் இருக்காது. தீர்ந்த மாதங்களில் அதை மெனுவிலிருந்து எடுத்துவிடலாம். பக்கத்தை அழிக்க வேண்டாம். அதன் பழைய இணைப்பு யாருடைய வாட்ஸ்அப் குழுவிலாவது சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தின் தலையில் ‘இப்போது இருப்பு இல்லை, அடுத்த அறுவடைக்குப் பின் கிடைக்கும்’ என்று ஒரு வரி சேர்த்து, கீழே தொலைபேசி எண்ணை வையுங்கள்.